கிரிக்கெட்: பேட் கையில், ஓட்டம் காலில் – காலசைவையும் சமநிலையையும் சரிசெய்வது எப்படி?

"காலை எடுத்து வைப்பா!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரில் கிரிக்கெட் நடக்கும் எந்தத் திடலின் ஓரத்தில் நின்றாலும் இந்தக் குரல் காதில் விழும். யாரோ ஒருவர் நின்ற இடத்திலேயே நின்று பேட்டை மட்டும் நீட்டியிருப்பார். பந்து விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் நிற்பவரின் கைக்குப் போயிருக்கும்.

வாரம் 6 நாள் வேலை பார்த்துவிட்டு வருபவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு. அதில் ஒரே ஒரு இன்னிங்ஸ். இரண்டாவது பந்தில் அவுட் ஆனால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வாரம் காத்திருக்கணும். மழை பெய்தால் இரண்டு வாரம்.

'காலை எடுத்து வை' என்று சொல்வது சுலபம். எந்தக் காலை, எங்கே, எப்போது, எவ்வளவு தூரம் வைக்கணும் என்பதை யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

(வலக்கை ஆட்டக்காரரை வைத்து விளக்கியிருக்கிறோம். இடக்கை ஆட்டக்காரர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ளுங்கள்.)

அரை விநாடிக் கணக்கு

ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். ஆனால் பந்து வீசுபவர் தம் பக்கத்துக் கிரீஸ் கோட்டருகே பந்தை விடுகிறார். நீங்களும் ஸ்டம்ப்புக்கு 1.22 மீட்டர் முன்னால் இருக்கும் கோட்டருகே நிற்கிறீர்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் 17.7 மீட்டர்தான்.

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிக்குச் சற்று அதிகம் எடுக்கும். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, உடல் அசையத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி ஆகிவிடும். மிச்சம் 0.3 விநாடி. அதற்குள் காலும் நகரணும், பேட்டும் வரணும்.

அதனால்தான் பந்து வந்த பிறகு காலைப் பற்றி யோசிக்க நேரமில்லை என்கிறோம். யோசனையெல்லாம் அதற்கு முன்பே, பயிற்சியிலேயே முடிந்திருக்கணும்.

கால் நகர்வதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பந்து எங்கே குத்துகிறது என்பதைப் பொறுத்து முன்னாலோ பின்னாலோ போக. இன்னொன்று, பந்து வரும் கோட்டுக்கு அருகே தலையைக் கொண்டுபோக. பேட்டின் அகலம் 10.8 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அவ்வளவு சிறிய பரப்பின் நடுவில் பந்தை வாங்க வேண்டுமானால், கண் பந்தின் கோட்டுக்கு மேலேயோ அதற்குப் பக்கத்திலேயோ இருந்தால்தான் முடியும். ஒரு அடி தள்ளி நின்று கையை நீட்டினால் அது ஊகம்தான்.

டென்னிஸ் பந்தில் கிங், லெதர் பந்தில் டக்கா?

இங்கே பலர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். ஊரில் டென்னிஸ் பந்திலோ டேப் சுற்றிய பந்திலோ சிக்சராக அடித்தவர்கள், சிங்கப்பூர் வந்து கிளப் அணியில் சேர்ந்து லெதர் பந்தைச் சந்தித்தால் 10 ஓட்டம் எடுக்கவே தடுமாறுகிறார்கள். திறமை போய்விட்டதா? இல்லை. பழக்கம்தான் மாறவேண்டும்.

டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம்வரை. டென்னிஸ் பந்து குத்தியதும் வேகம் குறைந்து எகிறும், அடிக்கக் கொஞ்சம் நேரம் தரும். அதனால் முன்காலை லெக் பக்கம் ஒதுக்கிவிட்டு, கைக்கு இடம் செய்துகொண்டு, குறுக்காகச் சுழற்றலாம். தவறாகப் பட்டாலும் உடம்புக்கு ஒன்றும் ஆகாது.

லெதர் பந்துக்குத் தையல் இருக்கிறது. காற்றில் வளையும், குத்திய பிறகு திசை மாறும், சறுக்கிக்கொண்டு தாழ்வாகவும் வரும். முன்காலை ஒதுக்கியவருக்கு பேட்டுக்கும் பேடுக்கும் நடுவே ஒரு கதவு திறந்துகிடக்கும். உள்ளே வரும் பந்து அந்தக் கதவு வழியாக நேரே ஸ்டம்ப்புக்குப் போய்விடும்.

டென்னிஸ் பந்து ஆட்டத்தைக் குறைத்துப் பேசுவது எங்கள் நோக்கமில்லை. கண்ணும் கையும் ஒத்துழைப்பதை அதைவிட மலிவாகக் கற்றுத்தரும் ஆட்டம் வேறில்லை. ஆனால் கால் பாடத்தை அது சொல்லித்தராது.

முதலில் நிற்கக் கற்றுக்கொள்வோம்

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு போகிறீர்கள். ரயில் திடீரென்று வேகம் குறைகிறது. உடனே என்ன செய்கிறீர்கள்? கால்களைச் சற்று அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, உடம்பைக் கொஞ்சம் தாழ்த்துகிறீர்கள். யாரும் சொல்லித்தரவில்லை. உடம்பே செய்கிறது. (பிடியை விட்டுவிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

கிரீஸிலும் அப்படித்தான். கால்களுக்கு இடையே ஏறக்குறைய தோள் அகலம். முழங்கால்கள் இறுகாமல் லேசாக மடங்கியிருக்கட்டும். எடை இரண்டு கால்களிலும் சமமாக, குதிகாலில் இல்லாமல் பாதத்தின் முன்பகுதியில் இருக்கட்டும். குதிகாலில் எடையைப் போட்டு நிற்பவர் நகர்வதற்கு முன் ஒருமுறை எழும்பவேண்டியிருக்கும். அந்த எழும்பலுக்கே நேரம் போய்விடும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: நீங்கள் நிற்கும்போது நண்பரை உங்கள் மார்பில் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள், பிறகு முதுகில். இரண்டு பக்கமும் ஆடாமல் நின்றால் நிலை சரி. பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலில் இருக்கிறது.

கால்களை அதிகம் அகட்டுவதும் சிக்கல்தான். நிலை உறுதியாக இருக்கும், ஆனால் அங்கிருந்து நகர முடியாது. விராட் கோலி 2014இல் இங்கிலாந்தில் 10 இன்னிங்ஸில் 134 ஓட்டங்கள்தான் எடுத்தார். 2018இல் அதே நாட்டில் 593. இடைப்பட்ட காலத்தில் அவர் மாற்றிக்கொண்டவற்றில் நிற்கும் நிலையும் ஒன்று. கிரீஸுக்கு வெளியே நின்று, பந்து முழுமையாக வளைவதற்கு முன்பே சந்தித்தார். உலகத் தர ஆட்டக்காரரே நிற்பதிலிருந்துதான் திருத்தத்தைத் தொடங்குகிறார் என்றால் நமக்கென்ன கூச்சம்?

தலை போகிற விஷயம்

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. அது உடம்பின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ, உடம்பு மொத்தமும் அந்தப் பக்கம் போகும்.

வலக்கை ஆட்டக்காரர்களில் மிகப் பரவலான பிழை, தலை ஆஃப் பக்கம் சரிவது. தலை சரிந்ததும் எடையைத் தாங்க முன்கால் குறுக்கே போய் விழும். பந்து நேராக வரும்போது பேட், அந்தக் காலைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கும். வராது. எல்பிடபிள்யூ. 'கால் குறுக்கே போயிருச்சு' என்று திடலோரத்தில் சொல்வார்கள். உண்மையில் முதலில் போனது தலை.

ஆகவே திருத்தத்தைக் காலில் தொடங்காதீர்கள். இரண்டு கண்களும் தரைக்கு இணையாக இருக்கின்றனவா, முகவாய் முன்தோளுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். பந்தை நோக்கித் தலையையும் முன்தோளையும் கொண்டுபோனால் கால் தானாகப் பின்தொடரும். காலை மட்டும் முன்னால் வீசினால் தலை பின்னால் தங்கிவிடும். அப்படி அடித்த டிரைவ், தரையோடு போகாமல் மேலே எழும்பும்.

முன்கால்: நீளமா, சரியான இடமா?

'காலை எடுத்து வை' என்றதும் பலர் மிக நீளமாக வைக்கிறார்கள். முழங்கால் நேராக நீண்டு, உடம்பு பின்னால் தங்கி, கால் கம்பு மாதிரி நிற்கும். இது நகராமல் இருப்பதைவிடவும் மோசம். நீண்டு நின்ற காலில் எடையை ஏற்ற முடியாது, அங்கிருந்து திருத்திக்கொள்ளவும் முடியாது.

வசதியாக நடக்கும்போது வைக்கும் அடியைவிடச் சற்றே பெரிய அடி போதும். முன் முழங்கால் மடங்கி, எடை முழுவதும் அதன்மேல் ஏறணும். பின்காலின் குதி தரையைவிட்டு எழும்பி, விரல் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் எடை முன்னால் போய்விட்டது என்று பொருள்.

கால் விழவேண்டிய இடம் பந்தின் கோடு இல்லை. அதற்குச் சற்று உள்ளே, பக்கத்தில். பேட் இறங்கிவர வழி வேண்டுமல்லவா? பாதத்தின் விரல்கள் பாயிண்ட் திசையைப் பார்த்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். மிட்-ஆஃபுக்கும் கவருக்கும் நடுவே பார்த்தால் இடுப்பு திறந்து, கைகள் நேராக வர முடியும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் எல்பிடபிள்யூ கணக்கில் தெரியும்.

சில நாள்களில் முன்காலை எடுத்து வைக்காமல் இருப்பதே கெட்டிக்காரத்தனம். 2004 ஜனவரியில் சிட்னி டெஸ்ட்டுக்கு முன் சச்சின் டெண்டுல்கர் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே டிரைவ் செய்யப்போய் ஆட்டமிழந்துகொண்டிருந்தார். அந்த ஆட்டத்தில் கவர் டிரைவை ஒதுக்கிவைத்தார். ஆட்டமிழக்காமல் 241 எடுத்தார். முரளி விஜய் 2014இல் டிரென்ட் பிரிட்ஜில் எடுத்த 146 ஓட்டங்களுக்கும் அடித்தளம், விட்ட பந்துகள்தான். ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்பது காலுக்குத் தெரிந்தால்தான் எதை விடலாம் என்பது கைக்குத் தெரியும்.

பின்கால்: மறந்துபோன பாதி

வார இறுதி ஆட்டக்காரர்களில் பலருக்கு முன்கால் மட்டும்தான் உண்டு. குட்டையாகக் குத்திய பந்துக்கும் முன்னால் போய்விட்டு, நெஞ்சுக்கு நேரே வரும்போது தவிக்கிறார்கள். செயற்கை விரிப்பு ஆடுகளங்களில் இது இன்னும் பெரிய தலைவலி. பந்து ஒரே சீராக எழும்பும், ஆனால் உயரமாக எழும்பும். அங்கே பின்கால் ஆட்டம் தெரிந்தவருக்கு ஓட்டம் கொட்டும்.

பின்காலை எடுத்து ஸ்டம்ப்பை நோக்கிப் பின்னால், சற்று ஆஃப் பக்கமாக வையுங்கள். பாதம் பாயிண்ட் திசைக்கு இணையாக இருக்கட்டும். முன்கால் அதன் பக்கத்தில் வந்து சேரட்டும். பின்னால் போகிறோம் என்பதற்காகத் தலையும் பின்னால் சாயக்கூடாது. கால் பின்னால், தலை பந்தை நோக்கி. இதுதான் பின்கால் ஆட்டத்தின் கஷ்டமே.

சேப்பாக்கத்தில் 1975 ஜனவரியில் ஜி.ஆர். விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்த 97 ஓட்டங்களைப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் சாய்த்த இன்னிங்ஸ் அது. இந்தியா எடுத்தது மொத்தம் 190. உயரம் குறைந்த விஸ்வநாத், பின்காலில் நின்று அந்த வேகத்தை ஸ்கொயர் கட்டாக மாற்றினார். உயரமானவர்களுக்குத்தான் வேகப் பந்து சரிப்படும் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சுழலுக்கு: முழுசா போ, இல்லைன்னா முழுசா வா

சுழற்பந்துக்கு எதிராகத்தான் காலின் மதிப்பு வெட்டவெளிச்சமாகத் தெரியும். ஒரு சின்னக் கணக்கு.

பந்து குத்திய பிறகு 4 பாகை திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குத்திய இடத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் அதைச் சந்தித்தால், திரும்பியிருப்பது 2 சென்டிமீட்டர்தான். பேட்டின் நடுவிலேயே படும். ஒன்றரை மீட்டரில் சந்தித்தால் 10 சென்டிமீட்டருக்கு மேல் திரும்பியிருக்கும். பேட்டின் பாதி அகலமோ 5.4 சென்டிமீட்டர். அதாவது விளிம்பு, அல்லது அதுவும் இல்லை. 3 மீட்டரில் சந்தித்தால் 21 சென்டிமீட்டர் திரும்பியிருக்கும், ஆனால் திரும்பியதைப் பார்த்து ஆட நேரம் இருக்கும்.

ஆபத்து நடுவில்தான் இருக்கிறது. பாதி தூரம் போய் நிற்பவரைத்தான் சுழற்பந்து வீச்சாளர் தேடுகிறார்.

இறங்கி வரும்போது முதல் அடி முன்கால். அடுத்து பின்கால் அதன் பின்னால் வந்து சேர்ந்ததும், மீண்டும் முன்கால். உடம்பு பக்கவாட்டில் இருந்தபடியே நகரணும். ஓட்டப் பந்தயம் மாதிரி நெஞ்சைக் காட்டிக்கொண்டு ஓடினால் பேட் நேராக வராது. பந்து கைக்கு எட்டவில்லை என்று பாதி வழியில் தெரிந்தால், அடிக்கப் போகாமல் தடுத்துவிடுங்கள். விக்கெட் கீப்பர் காத்துக்கொண்டிருக்கிறார்.

1998 மார்ச்சில் சேப்பாக்கம். முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கர் ஷேன் வார்னை அடிக்க இறங்கிவந்து 4 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் வார்ன் ஸ்டம்ப்பைச் சுற்றிவந்து, லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே பெயர்ந்துபோன மண்ணில் பந்தைக் குத்தினார். அதற்கு டெண்டுல்கர் ஏற்கனவே தயார். தமிழ்நாட்டின் லெக் ஸ்பின்னர் எல். சிவராமகிருஷ்ணனை அதே இடத்தில் பந்து வீசச் சொல்லி, தொடருக்கு முன்பே பயிற்சி எடுத்திருந்தார். முன்காலைத் திறந்து, பந்தின் கோட்டுக்குள் வந்து, மிட்-விக்கெட் பக்கம் அடித்தார். 155 ஓட்டங்கள், ஆட்டமிழக்கவில்லை. இந்தியா 179 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது.

இதில் நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது அந்த ஷாட்டை இல்லை. எந்தப் பந்து வரப்போகிறது என்று கணித்து, அதற்கான காலடியை முன்கூட்டியே பழகியதை.

"சேவாக்குக்குக் காலே நகரலையே?"

இந்தக் கேள்வி வராத பயிற்சி வகுப்பே கிடையாது. நியாயமான கேள்விதான். வீரேந்தர் சேவாக் டெஸ்ட்டில் இரண்டு முறை முச்சதம் அடித்தவர். 2004இல் முல்தானில் 309, 2008இல் சேப்பாக்கத்தில் 319.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1996 ஏப்ரல் 2ஆம் தேதி, பாடாங் திடல். சிங்கர் கிண்ண ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக இலங்கையின் சனத் ஜெயசூரிய 48 பந்தில் சதம் அடித்தார். ஒருநாள் ஆட்டங்களில் அன்றைக்கு அதுதான் உலகிலேயே ஆக விரைவான சதம். 65 பந்தில் 134 ஓட்டங்கள், 11 சிக்சர். 5 நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் அதே திடலில் 17 பந்தில் அரைசதம். அந்தச் சாதனையை 2015இல் ஏபி டிவில்லியர்ஸ் 16 பந்தில் முறியடிக்கும்வரை யாரும் தாண்டவில்லை. (28 பந்தில் 76 அடித்தும் இலங்கை அந்த இறுதி ஆட்டத்தில் தோற்றது என்பது வேறு கதை.)

ஜெயசூரியவும் முன்னால் வெகுதூரம் போய் ஆடுபவர் இல்லை. அப்படியென்றால் காலசைவு தேவையில்லையா?

பழைய காணொளிகளை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள், இந்த முறை பந்தைப் பார்க்காமல் அவர்களின் தலையை மட்டும். அடிக்கும் கணத்தில் அது அசையாது. கால் அதிகம் நகரவில்லை, ஆனால் எடை சரியான காலுக்கு மாறியிருக்கிறது. கால் என்பது வழி, சமநிலைதான் போய்ச்சேரவேண்டிய இடம். சிலர் கொஞ்சம் நடந்தே அங்கே போய்ச் சேர்கிறார்கள். அவர்களுக்கு இருந்த கண்ணும் மணிக்கட்டும் நமக்கும் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு நாமும் நின்ற இடத்திலேயே நிற்பது, என் கணிப்பில், ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கும் வழி.

பந்து வருவதற்கு முன்பே லேசாக அசைந்துகொள்வதும் ஒரு முறை. பின்கால் ஒரு சின்ன அடி பின்னால், ஆஃப் பக்கமாக. அல்லது முன்காலை லேசாக அழுத்துவது. நின்ற காரைவிட உருளும் காரைத் தள்ளுவது சுலபம் என்பதுபோல. பந்து கையைவிட்டு வரும்போது இந்த அசைவு முடிந்து, தலை நின்றிருக்கணும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஸ்டீவ் ஸ்மித் கிரீஸுக்குள் குறுக்கே நடக்கிறார். பார்க்க விநோதம், ஆனால் பந்து வரும் நேரத்தில் தலை நிலைத்துவிடுகிறது. உங்களுக்கு அசைவு இல்லாமலே சரியாக வருகிறது என்றால், புதிதாக ஒன்றைச் சேர்க்காதீர்கள்.

பயம் காலில்தான் தெரியும்

பேட்டிங்கில் பேசக் கூச்சப்படும் விஷயம் இது. லெதர் பந்து வேகமாக வரும்போது பின்கால் ஸ்கொயர் லெக் பக்கம் நழுவும். ஆட்டக்காரருக்கே தெரியாது. 'நான் நேராத்தானே நின்னேன்' என்பார். கைத்தொலைபேசியில் எடுத்ததைக் காட்டினால்தான் நம்புவார்.

இதற்குத் திட்டுவது மருந்தில்லை, பிள்ளைகளிடம் குறிப்பாக. பயம் நியாயமானது. 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு, 2 நாள் கழித்து உயிரிழந்தார். தலைக்கவசத்துக்குக் கீழே பட்ட அடி அது. அதன் பிறகுதான் கழுத்துக் காப்பு பரவலானது. தலைக்கவசம் வாங்கும்போது பிஎஸ் 7928:2013 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். நண்பரிடம் இரவல் வாங்கிய, தலையில் ஆடும் கவசத்தைப் போட்டுக்கொண்டு லெதர் பந்தைச் சந்திக்காதீர்கள். காப்பு சரியாக இருந்தால் கால் தைரியமாக முன்னால் போகும். நல்ல காப்பணிகளும் காலசைவுப் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

நழுவும் காலைத் தடுக்க, குதிகாலுக்குப் பின்னால் செங்கல் வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம். கணுக்கால் மடங்கும். காலி கிட் பையை வைத்தால் போதும். கால் பட்டால் தெரிந்துவிடும், அடிபடாது.

பிறகு வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். முதலில் டென்னிஸ் பந்து. அடுத்து சற்றுக் கனமான பயிற்சிப் பந்து. கடைசியாக, 10 மீட்டரிலிருந்து மெதுவாக எறியப்படும் லெதர் பந்து. ஒரே நாளில் இதையெல்லாம் முடிக்க நினைக்காதீர்கள்.

புளோக் கீழ்த்தளத்தில் பழகலாமா?

பழகலாம். பந்து இல்லாமல்! வீவக புளோக் கீழ்த்தளங்களில் பந்து விளையாடக்கூடாது என்ற அறிவிப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். நல்லவேளையாக, காலசைவுப் பயிற்சியில் பாதிக்குப் பந்தே தேவையில்லை. தங்கும் விடுதியிலும் கட்டில்களுக்கு நடுவே இரண்டு மீட்டர் இடம் கிடைத்தால் போதும், கையில் பேட்டுக்குப் பதில் சுருட்டிய நாளிதழே இருக்கட்டும்.

நண்பர் 'முன்னே', 'பின்னே', 'விடு' என்று மாற்றி மாற்றிச் சொல்லட்டும். அதற்கேற்ப நகர்ந்து, ஷாட்டை முடித்து, அப்படியே 3 விநாடி சிலையாக நில்லுங்கள். நிற்க முடிந்தால் சமநிலை இருக்கிறது. ஆடினால், தலை எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு 30 முறை செய்தால் போதும். 300 முறை செய்து மறுநாள் விட்டுவிடுவதைவிட இது மேல்.

ஒரு காலில் நின்று பழகுவது இன்னொன்று. பல் துலக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் இடக்கால், ஒரு நிமிடம் வலக்கால். சுலபமாகிவிட்டால், முன்காலில் மட்டும் நின்று மெதுவாக டிரைவ் செய்து பாருங்கள். கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் தசைகள் அப்போதுதான் விழித்துக்கொள்ளும். நாள் முழுக்கப் பாதுகாப்புக் காலணியில் நின்று வேலை பார்ப்பவர்களுக்குக் கெண்டைக்கால் இறுகிப்போயிருக்கும். ஞாயிறு காலையில் நேரே கிரீஸுக்குப் போகாமல் 10 நிமிடம் நடந்து, கெண்டைக்காலை நீட்டிவிட்டுப் போங்கள்.

திடலுக்குப் போனால், 5 மீட்டர் தூரத்திலிருந்து நண்பர் கைக்கீழாகப் பந்தை வீசட்டும். ஆஃப் பக்கம் ஒன்று, நேராக ஒன்று, குட்டையாக ஒன்று. பலமாக அடிக்கத் தேவையில்லை. கால் சரியான இடத்தில் விழுந்ததா என்பது மட்டும்தான் கணக்கு. தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டால் சண்டை வராது.

படம் எடுக்கும்போது பலர் பக்கவாட்டில் நின்று எடுக்கிறார்கள். ஷாட் அழகாகத் தெரியும், பிழை தெரியாது. பந்து வீசுபவரின் பக்கமிருந்து நேராக எடுங்கள். தலை சரிவதும் கால் குறுக்கே போவதும் அங்கிருந்துதான் தெரியும்.

பலெஸ்டியரிலிருந்து பாடாங்வரை

லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே கிரிக்கெட்டின் பழைய முகவரிகள் இருக்கின்றன. ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பெயர் தந்த குதிரைப் பந்தயம் 1933வரை ஃபேரர் பார்க் திடலில்தான் நடந்தது. அதைத் தாண்டிப் பலெஸ்டியர் ரோட்டுக்குப் போனால், 1923இல் தொடங்கிய இந்தியர் சங்கம், 1928இல் தொடங்கிய சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப் இரண்டும் அக்கம்பக்கம்.

அந்த இந்தியர் சங்கத் திடலில்தான் 2019 செப்டம்பர் 29ஆம் தேதி சிங்கப்பூர் அணி, டி20 ஆட்டத்தில் ஸிம்பாப்வேயை 4 ஓட்டங்களில் வென்றது. டெஸ்ட் தகுதி பெற்ற ஒரு நாட்டை சிங்கப்பூர் வீழ்த்தியது அதுவே முதல் முறை. அந்த அணியில் இருந்த டிம் டேவிட் சிங்கப்பூரில் பிறந்தவர். பிறகு ஆஸ்திரேலியாவுக்கு ஆடப் போனார். நேராக சிக்சர் அடிக்கும்போது அவர் கால்களைக் கவனியுங்கள். அகலமான நிலை, ஆழமாகக் கிரீஸுக்குள், பின்காலில் ஏறிய எடை அடிக்கும்போது முன்னால் பாய்கிறது. தலை கடைசிவரை நிற்கிறது.

கடைசியாகக் காலணி

இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பயனில்லை. புல்தரை ஆடுகளத்துக்கு ஆணி வைத்த காலணி. செயற்கை விரிப்புக்கு ரப்பர் குமிழ் வைத்தது. விரிப்பில் ஆணி மாட்டிக்கொண்டால் கால் நிற்கும், முழங்கால் திரும்பும். ஓடுவதற்கான காலணியின் அடிப்பகுதி தடிமனாக, மெத்தென்று இருப்பதால் பக்கவாட்டு அசைவுக்குப் பொருந்தாது. வாங்க வசதியில்லை என்றால், தட்டையான அடிப்பகுதி கொண்ட சாதாரண விளையாட்டுக் காலணியே மேல்.

பிற்பகல் மழை விட்டதும் ஆட்டம் மீண்டும் தொடங்கும் நாளில், பேட்டிங் இறங்குவதற்கு முன் காலணியின் அடியில் ஒட்டிய சேற்றை பேட்டின் பிடியால் தட்டிவிடுங்கள். நனைந்த விரிப்பில் அன்றைக்கு மட்டும் அடியைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள், இறங்கிவந்து அடிப்பதைத் தள்ளிவையுங்கள். ஓட்டம் ஓடும்போது திரும்புகிற இடத்தில் கூடுதல் கவனம். நனைந்த நாளில் பெரும்பாலும் கால் வழுக்குவது அங்கேதான்.